அடாப்ட் ஆய்வை டெல்டாவில் உட்கார்ந்து வாசிப்பது

மயஸ்தீனியா கிராவிஸ் நோய்க்கு வந்த எஃப்கார்டிகிமாட் மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வுக்கு அடாப்ட் என்று பெயர். 2021 ஜூலையில் லான்செட் நியூராலஜி இதழில் வெளியானது. அதே வருடம் டிசம்பரில் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. ஆய்வைப் பாராட்டித்தான் நிறைய எழுதப்பட்டிருக்கிறது, அதற்குத் தகுதியும் அதற்கு உண்டு. இந்தக் குறிப்பு அந்த ஆய்வு தப்பு என்று சொல்ல வரவில்லை. அது எந்தக் கேள்வியைக் கேட்டது, எதைக் கேட்காமல் விட்டது, விட்டதில் எவ்வளவு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து நோயாளி தலையில் வந்து விழுகிறது என்று பார்க்கத்தான்.

முதல்ல நோய். நரம்பு தசையைத் தொடுகிற இடத்தில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளியே வந்து, தசைப் பக்கத்து ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால்தான் தசை சுருங்கும். வேலை முடிந்ததும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடைத்துவிடும். மயஸ்தீனியாவில் உடம்பின் சொந்த எதிர்ப்புப் புரதங்களே அந்த ஏற்பிகளைத் தாக்குகின்றன. காலையில் நன்றாக இருக்கிற ஆளுக்குச் சாயங்காலம் இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், சோறு மெல்ல மெல்லத் தாடை ஓய்ந்துபோகும். முற்றினால் மூச்சுத் தசையும் நின்றுபோகலாம்.

இந்த இடைவெளி டெல்டாவுக்குப் புதுசு இல்லை. வேறு பெயர்களில் நமக்கு நன்றாகப் பழக்கமானதுதான். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த தடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்கல், பேச்சுக் குழறல். அதன் விஷம் பெரும்பாலும் நரம்பு முனையையே கெடுத்துவிடும். நல்ல பாம்பின் விஷம் தசைப் பக்கத்து ஏற்பியைப் போய் அடைக்கும். நல்ல பாம்புக் கடிக்கு நியோஸ்டிக்மின் ஊசி கைகொடுக்கலாம், கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் கைகொடுக்காது என்பதற்குக் காரணம் இதுதான். இமை தொங்கியபடி ஒருவர் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்தால் முதலில் பாம்பை நினைப்பதுதான் நியாயம். சாயங்காலம் தொங்கி, காலையில் தெளிந்து, மறுபடி சாயங்காலம் தொங்குகிற இமையாக இருந்தால்தான் யோசனை வேறு பக்கம் திரும்பணும்.

இன்னொன்று பூச்சிமருந்து. நெல்லில் தண்டுத் துளைப்பானுக்குப் போட்ட பியூரடான் குருணை கார்பமேட் வகையைச் சேர்ந்தது. மயஸ்தீனியா நோயாளி தினமும் விழுங்குகிற பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் கார்பமேட்தான். இரண்டும் கட்டிப்போடுவது அதே கோலினெஸ்டரேஸ் நொதியை. அளவு வேறு, நோக்கம் வேறு. மாத்திரை அளவு மீறினால் வருகிற எச்சில் ஒழுகல், வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு எல்லாம் மருந்தடித்துவிட்டு மயங்கி வருபவரின் அறிகுறிகளைப் போலவே இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

பழைய கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆய்வை எடைபோட அது உதவும். 1934இல் லண்டன் கிரீன்விச்சில் செயின்ட் ஆல்ஃபேஜ் மருத்துவமனையில் வேலை பார்த்த மேரி வாக்கர், இந்த நோய் குராரே விஷத்தின் விளைவு மாதிரி இருக்கிறதே என்ற யோசனையில், குராரேக்கு மாற்றான ஃபைசோஸ்டிக்மினை ஒரு நோயாளிக்குப் போட்டுப் பார்த்தார். தொங்கிய இமை எழுந்தது. லான்செட்டில் ஒரு சின்னக் கடிதம், அவ்வளவுதான். 1963இல் தைவானில் சாங், லீ இருவரும் அங்குள்ள கட்டுவிரியன் வகை ஒன்றின் விஷத்திலிருந்து ஆல்ஃபா பங்காரோடாக்சினைப் பிரித்தார்கள். அது ஏற்பியில் ஒட்டிக்கொண்டு விடாது. அதனால் ஏற்பிகளை எண்ணவும் பிரித்தெடுக்கவும் முடிந்தது. 1973இல் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் இருவரும் மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்குச் செலுத்த, முயல்கள் துவண்டு விழுந்தன. உடம்பு தன் ஏற்பியைத் தானே தாக்குகிறது என்பது அங்கே உறுதிப்பட்டது. வயலில் நாம் பயந்து விலகுகிற பாம்பின் பங்காளி ஒன்று இல்லாமல் இந்த நோயின் கணக்கு தீர்ந்திருக்காது.

மேரி வாக்கருக்கு ஒரு நோயாளி போதுமாக இருந்தது. ஏனென்றால் விளைவு நிமிடங்களில் கண்ணெதிரே தெரிந்தது. அடாப்ட்டுக்கு 15 நாடுகளில் 56 மையங்களும் 167 நோயாளிகளும் வேண்டியிருந்தது. ஏறி இறங்குகிற நோயில், ஏற்கனவே மருந்து சாப்பிடுகிறவர்களிடம், கூடுதலாக ஒரு மருந்து எவ்வளவு தூக்கிவிடுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் அப்படித்தான் செய்யணும்.

மருந்து என்ன செய்கிறது? நம் ரத்தத்தில் ஐஜிஜி வகை எதிர்ப்புப் புரதங்கள் வாரக்கணக்கில் உயிரோடு இருப்பதற்குக் காரணம் எஃப்சிஆர்என் என்ற ஏற்பி. செல்லுக்குள் போய் அழிய வேண்டிய ஐஜிஜியைப் பிடித்து மறுபடி ரத்தத்துக்கே திருப்பி அனுப்பும். எஃப்கார்டிகிமாட் அந்த ஏற்பியைப் போய் அடைத்துக்கொள்கிறது. திரும்பி வர வழியில்லாமல் ஐஜிஜி அழிகிறது. மொத்த ஐஜிஜி சுமார் 60 சதவீதம் குறைகிறது. நோயை உண்டாக்குகிற கெட்ட புரதமும் அதில் போகிறது, நல்லதும் போகிறது. வாய்க்காலில் களை மண்டிவிட்டது என்று மடையையே அடைப்பது மாதிரியான வேலை. தற்காலிகமாக அடைப்பதால் தாங்குகிறது.

கண்டுபிடிப்பைப் பார்ப்போம். ஏற்பிக்கு எதிரான புரதம் உள்ள 129 பேரில், மருந்து பெற்ற 65 பேரில் 44 பேர் தேறினார்கள், 68 சதவீதம். போலி மருந்து பெற்ற 64 பேரில் 19 பேர், 30 சதவீதம். தேறுவது என்றால், அன்றாட வேலை அளவுகோலில் 2 புள்ளியாவது குறைந்து, அந்தக் குறைவு 4 வாரமாவது நிலைப்பது. வித்தியாசம் 38 சதவீதம். அதாவது ஏறக்குறைய மூன்று பேருக்குக் கொடுத்தால் ஒருவர் இந்த மருந்தாலேயே தேறுகிறார். இந்த நோயில் இது பெரிய விளைவு, சந்தேகமே இல்லை.

ஆனா அந்த 30 சதவீதத்தை விட்டுவிட்டுப் போகக்கூடாது. வெறும் உப்புநீர் மாதிரியான ஊசி போட்டுக்கொண்ட பத்துப் பேரில் மூன்று பேர் தேறியிருக்கிறார்கள். மோசமான கட்டத்தில்தான் ஆய்வில் சேருகிறோம், மோசமானது தானாகவே கொஞ்சம் இறங்கும். வாரா வாரம் நரம்பியல் மருத்துவர் உட்கார வைத்துப் பார்ப்பதற்கும் ஒரு பலன் இருக்கும். புதிய மருந்து போட்டு நன்றாகிவிட்டது என்று ஒருவர் நேர்மையாகச் சொல்லும்போது, அதில் ஒரு பங்கு இந்த 30இலிருந்து வருவது. சிகிச்சை அனுபவக் கதைகளை வாசிக்கும்போது இந்த எண்ணை மனசில் வைத்துக்கொள்வது நல்லது.

இதைவிட முக்கியமானது ஏற்பிக்கு எதிரான புரதம் இல்லாத 38 பேரின் கதை. மருந்து பெற்ற 19 பேரில் 13 பேர் தேறினார்கள், போலி மருந்து பெற்ற 19 பேரில் 12 பேர். ஒரே ஆள் வித்தியாசம். இந்த எண்களை வைத்துக்கொண்டு அமெரிக்கா புரதம் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. ஜப்பான் அந்த வேறுபாடு பார்க்காமல் அனுமதித்தது. ஒரே ஆய்வு, இரண்டு அரசாங்கம், இரண்டு வாசிப்பு. ஆய்வுத் தாள் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை, யாரோ உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். என் கணிப்பில் இந்த விஷயத்தில் அமெரிக்க வாசிப்புதான் கைவசம் இருந்த எண்களுக்கு நேர்மையாக இருந்தது. ஜப்பான் பக்கம் ஒரு நியாயம் உண்டு: அந்தப் பிரிவு நோயாளிகளுக்கு வேறு வழி குறைவு.

இப்போ அளவுகோல். எம்ஜி-ஏடிஎல் என்பது 8 கேள்விகள். பேசுவது, மெல்வது, விழுங்குவது, மூச்சு, பல் தேய்ப்பது அல்லது தலை வாருவது, நாற்காலியிலிருந்து எழுவது, இரட்டைப் பார்வை, இமை தொங்கல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 24. எளிமையானது, ஐந்து நிமிடத்தில் முடியும், நோயாளி சொல்வதை மதிக்கிறது. அதெல்லாம் சரி. ஆனா நாற்காலியிலிருந்து எழுவதை எண்ணுகிற அளவுகோலுக்குச் சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவது தெரியாது. நடவுப் பெண் காலையிலிருந்து மதியம் தாண்டியும் குனிந்தே இருக்கிறாள். நாற்று முடியை எடுத்து, பிரித்து, ஊன்றி, ஒரு அடி பின்னால் நகர்கிறாள். தொடர்ந்து செய்யச் செய்ய ஓய்ந்துபோவதுதான் மயஸ்தீனியாவின் இலக்கணமே. வெயில் அதை இன்னும் மோசமாக்கும். குறுவைக்கு ஜூன், ஜூலையில் நடவு, அப்போது தஞ்சாவூர் வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கதிர்க்கட்டைத் தலையில் தூக்குவதற்குக் கழுத்துத் தசை வேண்டும். இந்த அளவுகோலில் கழுத்துக்கு ஒரு கேள்விகூட இல்லை.

இமை தொங்கல் 1 புள்ளி குறைந்து, இரட்டைப் பார்வை 1 புள்ளி குறைந்தால், அளவுகோல் கணக்கில் அவள் தேறிவிட்டாள். நடவுக்குப் போக முடிந்ததா என்பது எந்தக் கட்டத்திலும் பதிவாகாது. நியாயமாகப் பார்த்தால் இது அடாப்ட்டின் குறை மட்டும் இல்லை, இந்தத் துறையின் குறை. மேஜை வேலை பார்க்கிற உடம்பை மனசில் வைத்துச் செய்த அளவுகோலை உலகத்துக்கெல்லாம் பொது என்று எடுத்துக்கொண்டாயிற்று.

அடுத்தது நேரம். ஒரு சுற்று என்றால் வாரத்துக்கு ஒன்றாக நாலு முறை நரம்பு வழியே மருந்து ஏற்றணும். முதல் சுற்றில் தேறியவர்களில் 57 சதவீதம் பேருக்குப் பலன் 8 வாரமோ அதற்கு மேலோ நின்றது, 12 வாரம் தாண்டியது 34 சதவீதம் பேருக்கு. பிறகு மறுபடி நாலு வாரம். முத்துப்பேட்டையிலிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ நாலு வாரம் தொடர்ந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறி வருவது என்றால் நோயாளியோடு துணைக்கு ஒரு ஆள், இரண்டு பேர் கூலி. மொத்த ஆய்வே 26 வாரம்தான். நோயோ ஆயுசுக்கும் கூட வருவது. ஸ்டீராய்டு அளவை மாற்றக்கூடாது என்பது ஆய்வின் விதி, எனவே இந்த மருந்தால் ஸ்டீராய்டைக் குறைக்க முடியுமா என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. நீண்ட நாள் பிரெட்னிசோலோன் சாப்பிட்டுச் சர்க்கரையும் எலும்புத் தேய்வும் வாங்கிக்கொண்ட நோயாளிக்கு அதுதான் முதல் கேள்வி.

பாதுகாப்பு பற்றிய பகுதியை மக்கள் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். மருந்துப் பக்கத்தில் 77 சதவீதம் பேருக்கும், போலி மருந்துப் பக்கத்தில் 84 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு தொந்தரவு பதிவாகியிருக்கிறது. நல்ல சேதிதான். சிறுநீர்த் தொற்றும் மேல் மூச்சுக்குழல் தொற்றும் மருந்துப் பக்கம் கொஞ்சம் கூடுதல். ஆனால் மருந்து பெற்றவர்கள் 84 பேர். 84 பேரில் ஒருவருக்குக்கூட வராத ஒரு பாதிப்பு, உண்மையில் 28 பேரில் ஒருவருக்கு வரக்கூடியதாக இருந்தாலும் இந்த ஆய்வின் கண்ணில் படாமல் தப்பியிருக்கலாம். சாதாரணப் புள்ளியியல் கணக்கு அது. அந்த 15 நாடுகளில் இந்தியா இல்லை. உலகத்திலேயே அதிகக் காசநோயாளிகள் உள்ள நாடு, சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வருகிற ஊர், உண்ணிக்காய்ச்சல் உள்ள மாநிலம். ஐஜிஜி 60 சதவீதம் குறைந்த உடம்பு இங்கே ஒரு மழைக்காலத்தை எப்படித் தாண்டும் என்று அந்த 84 பேர் நமக்குச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. இந்த நோய் இளம் வயதில் வந்தால் பெண்களுக்குத்தான் அதிகம். கர்ப்பிணிகள் இந்த ஆய்வில் கிடையாது, அது சரியான முடிவு. ஆனா எஃப்சிஆர்என் ஏற்பிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தாயின் ஐஜிஜியை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குக் கடத்துவது அதுதான். கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிக்குத் தனுர்வாத ஊசி போடுகிறாரே, தாய் உடம்பில் உண்டாகிற அந்தப் பாதுகாப்பு பச்சைக்குழந்தைக்குப் போய்ச் சேருவது இந்த வழியில்தான். மருந்து அடைப்பதும் இதே வழியைத்தான். கல்யாணமான இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் இந்த மருந்தைப் பற்றிப் பேசும் மருத்துவர் இதையும் சேர்த்துப் பேசணும்.

விலையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அமெரிக்காவில் அறிமுகமானபோது நிறுவனமே சொன்ன சராசரி ஆண்டுச் செலவு சுமார் 2,25,000 டாலர், அப்போதைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு வரம்பு 5 லட்சம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால் போதும்.

விலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அடாப்ட் எதனோடு ஒப்பிட்டது என்பது. போலி மருந்தோடு. ஆய்வை நடத்தியது மருந்தைச் செய்த ஆர்ஜென்எக்ஸ் நிறுவனம், அதற்கு அனுமதி வாங்க அந்த ஒப்பீடு போதும். மருத்துவருக்கும் நோயாளிக்கும் வேண்டியது வேறு: கைக்கு எட்டுகிற மருந்துகளோடு ஒப்பிட்டால் எப்படி? அந்த வகைக் கேள்வியைக் கேட்ட ஆய்வுகளும் உண்டு. 2016இல் வந்த எம்ஜிடிஎக்ஸ் ஆய்வு, 126 பேரை வைத்து, நெஞ்சில் உள்ள தைமஸ் சுரப்பியை அறுவையில் எடுப்பது உதவுமா என்று பார்த்தது. உதவுகிறது, ஸ்டீராய்டு தேவையும் குறைகிறது என்று காட்டியது. அதை முன்னின்று தொடங்கிய ஜான் நியூசம்-டேவிஸ் 2007இல் ருமேனியாவில் சாலை விபத்தில் இறந்துபோனார், முடிவைப் பார்க்கவில்லை. விற்க ஒரு பொருளும் இல்லாத ஆய்வு, அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்தது.

ரிடக்சிமாப் கதை இன்னும் நமக்குப் பக்கம். 2007இலேயே டாக்டர் ரெட்டீஸ் அதன் இந்தியப் பதிப்பை ரெடிடக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்காவில் 52 பேரை வைத்து நடந்த பீட் எம்ஜி ஆய்வில் அது தோற்றது. ஸ்டீராய்டைப் போதுமான அளவு குறைக்க முடிந்தவர்கள் மருந்துப் பக்கம் 60 சதவீதம், போலிப் பக்கம் 56. ஸ்வீடனில் 47 பேரை வைத்து நடந்த ரைனோமேக்ஸில் ஜெயித்தது, 71க்கு 29. இரண்டும் 2022இல் வெளியானவை. ஒரே மருந்து, நேரெதிர் முடிவு. என்ன வேறுபாடு? ஸ்வீடன் ஆய்வு நோய் வந்து ஒரு வருடத்துக்குள் இருந்தவர்களை எடுத்தது, கொடுத்ததும் ஒரே ஒரு தடவை 500 மில்லிகிராம். நோய் வேர்விடும் முன் அடித்தால் பலிக்கிறது என்று படிக்கலாம். சின்ன ஆய்வு என்பதால் அதிர்ஷ்டமும் கலந்திருக்கலாம். தீர்க்க வேண்டுமானால் பெரிய ஆய்வு ஒன்று வேண்டும். காப்புரிமை போன மருந்துக்கு எந்த நிறுவனமும் அதற்குச் செலவழிக்காது. ஐசிஎம்ஆர் மாதிரி அமைப்புதான் செய்யணும். ஒரு தடவை பஸ் ஏறி வந்து ஏற்றிக்கொண்டு போகிற மருந்து, டெல்டாவுக்கு எழுதிவைத்த மாதிரியான கேள்வி.

இனி சட்டம். 2019இன் புதிய மருந்து, மருத்துவ ஆய்வு விதிகளின்படி இந்தியாவில் 5 லட்சம் பேருக்கு மேல் பாதிக்காத நோய்க்கான மருந்து தனிவகை. உலகக் கணக்கு 10 லட்சத்துக்கு 150இலிருந்து 250 மயஸ்தீனியா நோயாளிகள் என்று வைத்தால், 140 கோடிக்கு 2 லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம் வரும். வரம்புக்குள் வந்துவிடுகிறது. தஞ்சாவூர் மாவட்டத்துக்கு, 2011 கணக்கெடுப்பின் 24 லட்சம் பேருக்கு, 360இலிருந்து 600 பேர். 2024 ஆகஸ்டில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் அனுமதி பெற்ற இந்த வகை மருந்துகளுக்கு இந்தியாவில் ஆய்வு நடத்தாமலே அனுமதி தரலாம் என்று ஆணை போட்டது.

இதை எதிர்க்கிறவர்களோடு நான் முழுக்கச் சேரவில்லை. அரிய நோய்க்கு ஒவ்வொரு மருந்தையும் இங்கே முதலிலிருந்து சோதிக்கணும் என்றால் நோயாளிகள் காத்திருந்தே போய்விடுவார்கள். ஆனால் முன்னால் ஆய்வு வேண்டாம் என்றால், பின்னால் கணக்கு வேண்டும். அனுமதிக்குப் பிறகான நான்காம் கட்ட ஆய்வு பெருநகரத் தனியார் மருத்துவமனை நோயாளிகளை மட்டும் வைத்து நடந்தால் அது அடாப்ட்டின் இன்னொரு நகல்தான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி, திருவாரூர், திருச்சி மருத்துவக் கல்லூரிகளில் ஒரு பொதுப் பதிவேடு வைக்கலாம். அதில் எம்ஜி-ஏடிஎல்லோடு இன்னும் சில கேள்விகள் இருக்கணும்: இந்தப் பருவத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள், எத்தனை தடவை காய்ச்சல் வந்தது, காசநோய் சோதனை என்ன ஆச்சு, கடைசியாகச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் என்ன.

கடைசிக் கேள்வி சும்மா சேர்த்தது இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் மயஸ்தீனியாவைத் திடீரென்று மோசமாக்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011இலேயே கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறது. ஜென்டாமைசின் ஊசி, அசித்ரோமைசின், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அந்தப் பட்டியலில் வரும். ஜுரம், பேதி என்றால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரைகள் இவை. கோடி ரூபாய் மருந்து வருகிறதோ இல்லையோ, இந்தப் பட்டியலைத் தமிழில் ஒரு அட்டையில் அடித்து நோயாளியின் பர்ஸில் வைக்க ஆகிற செலவு ஒரு டீ காசுகூட வராது. மாத்திரையைத் தானாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம், அட்டையைக் கடைக்காரரிடமும் எந்த மருத்துவரிடமும் காட்டினால் போதும்.

அடுத்த குறிப்பில் பீட் எம்ஜி, ரைனோமேக்ஸ் இரண்டையும் அட்டவணை அட்டவணையாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.